ஒப்படைக்க வேண்டிய உறவினர்

குவைத்
27-8-1990

அன்புள்ள உங்களுக்கு, வனஜா வணக்கத்துடன் எழுதுவது.

தபால் நின்றுபோனதால் லாரி ஓட்டும் சுலைமானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பம்பாய் போய் அஞ்சலில் சேர்ப்பார். ஈராக் படை வந்தபின் எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் பதினோரு பேர்தான் மிச்சம். தூதரகத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸில் பாக்தாத் வழியாக அம்மான், அங்கிருந்து விமானம் என்கிறார்கள். ஊரிலும் பெயரைப் பதிய வேண்டுமாம்.

நான்கு வருடமாக நீங்கள் எனக்குப் பதில் போடவில்லை. போகட்டும். இப்போது மட்டும் அம்மானில் நம் தூதரக முகவரிக்கு ஒரு வரி போடுங்கள். வா என்றால் ஆவடிக்கே வருகிறேன். இனி எங்கும் போக மாட்டேன்.

உங்கள்
வனஜா

ஆவடி
19-9-1990

வனஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு முன்பே உன் அண்ணன் பால்ராஜுக்கு எழுதியிருக்கிறாய். கொரட்டூரிலிருந்து வந்து என்னிடமே படித்துக் காட்டினார். அன்று போகாதே என்றேன், போனாய். இன்று புருஷன் இரண்டாமிடம்.

டெல்லி யாரையும் பகைத்துக்கொள்ளாமல் பேசுகிறதாம்; அப்போதுதான் உங்களையெல்லாம் வெளியே விடுவார்களாம். இங்கே ஏரிக்கரை உடைந்தால் மணல் மூட்டை வர மூன்று நாள் ஆகும். அப்படிப்பட்ட எங்கள் தாலுகா அலுவலகத்தில் ‘வளைகுடா அவசரப் பிரிவு’ என்று ஒரு மேஜை. எனக்குப் பின்னால் சேர்ந்தவனெல்லாம் துணை வட்டாட்சியர். எனக்கு இந்த மேஜை.

நேற்று பட்டாபிராமிலிருந்து தாயம்மா என்று ஒருத்தி வந்தாள். “எம்புள்ள பேர மொதல்ல எயுது நைனா. அவன் பசி தாங்க மாட்டான்” என்றாள். பியூன் துலுக்கானம், “சொல்லி அனுப்பிர்றோம்மா, அவுங்க மில்ட்ரில பிரியாணி போடுவாங்க” என்றான். “உம்புள்ளய அனுப்பிட்டு அப்பால சிரி” என்றாள் அவள். அவள் போனதும் என்னிடம் வந்தான்: “சார், உங்க ஊட்டம்மா பேரும் எயுதிடு சார். கடைசி கட்டத்துல உன் பேர போடு. இன்னா கஷ்டம் கீது இதுல?”

படிவத்தில் கடைசிக் கட்டம் என்பது ‘ஒப்படைக்க வேண்டிய உறவினர்’. ரயில் நிலையத்தில் அவரோடுதான் ஆளை அனுப்பி வைப்போம்.

உன் பெயரை எழுதிவிட்டேன்.

பக்தவத்சலம்

கொரட்டூர்
8-10-1990

அன்புள்ள உங்களுக்கு,

அம்மான் கூடாரத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் வா என்று இல்லை, வராதே என்றும் இல்லை. பெயரை எழுதிவிட்டேன் என்றிருந்தது. அதுவே போதும் என்று வந்தேன்.

சென்ட்ரலில் மேஜை போட்டு நீங்களே உட்கார்ந்திருந்தீர்கள். என் முறை வந்ததும், “வனஜா. உறவினர், அண்ணன் பால்ராஜ், கொரட்டூர்” என்று வாசித்தீர்கள். தலை நிமிரவில்லை. நான் நகராமல் நின்றேன். பின்னாலிருந்தவள், “இன்னாம்மா, அதான் படிச்சிட்டாரே, நவுரு” என்றாள். நகர்ந்தேன்.

நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்ற பயத்தில்தான் அண்ணனுக்கு முதலில் எழுதினேன். நான் காரணம் கேட்கவில்லை. கேட்டால் எழுதுவீர்கள், நன்றாகவே எழுதுவீர்கள். இங்கே ஒரு கிளினிக்கில் சேர்ந்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வனஜா

ஆவடி
3-2-1991

அன்புள்ள வனஜா,

நீ ஊர் வந்தபின் இது ஐந்தாவது கடிதம். நான்குக்கும் நீ பதில் போடவில்லை.

அண்ணனை முதலில் நினைத்தவளுக்கு அண்ணன் பெயரே போதும் என்றுதான் அப்படி எழுதினேன். மேஜைக்கு முன்னால் நின்று, ஏன் உங்கள் பெயர் இல்லை என்று நீ சண்டை போடுவாய், அங்கேயே அடித்துத் திருத்திவிடலாம் என்று சிவப்பு மைப் பேனா வைத்திருந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நிமிர்ந்தபோது உன் அண்ணன் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

வளைகுடாப் பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே சண்டை வேறு நடக்கிறது. தாயம்மாவின் மகன் நவம்பரிலேயே வந்துவிட்டான். நான் மறுபடி சாதிச் சான்றிதழ் எழுதுகிறேன்.

ஞாயிறுதோறும் கொரட்டூருக்குக் கிளம்புகிறேன். உன்னிடம் என்ன சொல்வது என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பேன். எல்லாம் என் பக்க நியாயமாகவே வருகிறது. மன்னித்துவிடு என்று தொடங்கினால் அடுத்த சொல் ‘ஆனால்’ என்று விழுகிறது. கிழித்துப் போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறேன்.

இன்றும் ஞாயிறு.

உன்
பக்தவத்சலம்