ஆண்மரத்தில் காய்

பாலிக் புலாவ்,
தாரண வருடம், ஆடி மாதம்.

(ஆபீசில் ஜப்பான் கணக்குப்படி 2604 என்று எழுதச் சொல்கிறார்கள். என் வீட்டு மேசையில் எழுதமாட்டேன்.)

அன்பிற்குரிய அத்தானுக்கு நவமணி எழுதுவது.

நான் சுகம். நீங்களும் சுகமாயிருக்கத் தண்ணீர்மலையான் துணை. ரயிலில் வேலை பார்க்கும் சுலைமான் சயாம் எல்லை வரை போகிறாராம். அங்கிருந்து கைமாறி உங்கள் முகாமுக்கு இந்தக் கடிதம் வரும் என்கிறார். முந்திய கடிதங்கள் வந்தனவோ தெரியாது, ஒன்றுக்கும் பதிலில்லை. ஆகையால் பழைய செய்தியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காயத்துக்கு மருந்து கட்டும் ஆஸ்பத்திரி டிரெஸ்சர் தேவை என்று ஜப்பான்காரர் உங்களைச் சயாம் ரயில்பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனதும், நான் டவுன் வீட்டைப் பூட்டிவிட்டு நம் ஜாதிக்காய்த் தோட்டத்துக்கே வந்துவிட்டேன். பள்ளிக்கூட வேலையையும் விட்டாயிற்று. தாவரப் பாடம் சொல்லித் தந்த வாயால் அவர்கள் பாட்டைச் சொல்லித்தர எனக்கு வராது. டவுன் மருந்துக்கடைச் சீனர் ஜாதிக்காயை வாங்கிக்கொண்டு அரிசி தருகிறார். அந்த அரிசிதான் என் உயிர். மற்ற நாட்களுக்கு மரவள்ளி இருக்கவே இருக்கிறது, அதைத் தின்று தின்று எனக்கே இலை விடும் போலிருக்கிறது.

இப்போது அந்த அரிசிக்கும் உலை வைக்கப் பார்க்கிறார்கள். காய்க்காத மரம் எல்லாவற்றையும் வெட்டி விறகாக்கி, அந்த இடத்தில் மரவள்ளி நடவேண்டும் என்று உத்தரவு. ஆட்கள் வந்து நம் ஆண்மரத்தில் வெட்டு அடையாளமாகச் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போனார்கள். காய்க்காததாம்! பெண்மரங்கள் பதினொன்றுக்கும் மகரந்தம் கொடுப்பது அந்த ஒன்றுதான் என்று சொன்னேன். சின்னச் சின்ன வண்டுகள் அதைச் சுமந்துகொண்டு போவதையும் சொன்னேன். மரத்திலும் புருஷன் பெண்சாதியோ என்று சிரித்தார்கள். விசரன்கள்.

பக்கத்துத் தோட்டத்து ருக்கையா அக்கா பாவம், போன வருடமே பயந்து தன் ஆண்மரங்களை வெட்டக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு அவர் தோட்டத்தில் பூவுக்குக் குறைவில்லை, அத்தனையும் உதிர்ந்து தரையில் கிடக்கிறது. நம் ஆண்மரத்துக்குக் கிட்ட வேலியோரம் நிற்கிற அவர் வரிசை மட்டும் காய்க்கிறது. ஏனென்று நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? சரிவில் மேலே நின்ற மரங்களும் போனதால் மழைக்கு மண் கரைந்து ஓடை சேறாகிவிட்டது. நட்ட மரவள்ளியும் அதோடு போயிற்று. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது வெட்டவிடாதே என்று அழுதார்.

உங்கள் அண்ணர் கந்தப்பு அந்த உத்தரவு ஆபீசில்தான் மொழிபெயர்க்கிறார், தெரியுமோ? அவரையே கையோடு கூட்டிப்போய் வேலியோரத்தைக் காட்டினேன். பார்த்தார், விளங்கிற்று, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மேலிடத்து உத்தரவு என்கிறார். வேண்டுமென்றால் பிறகு ஒரு கன்று வைத்துக்கொள் என்றாரே, எனக்கு வந்ததே ஆத்திரம்! ஜாதிக்கன்று ஏழு வருடம் வளர்ந்து பூத்தால்தான் ஆணா பெண்ணா என்று சொல்லும், அதுவரைக்கும் உங்கள் துரை எனக்குச் சோறு போடுவானோ என்று கேட்டுவிட்டேன். மூத்தவரோடு இப்படியா கதைப்பது என்று நீங்கள் முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள்.

அதற்கடுத்த கிழமை ஜப்பான்காரனே பார்வையிட வருகிறான் என்று கேள்விப்பட்டேன். சும்மா இருப்பேனோ? பெண்மரத்துக் காய்களைக் காம்போடு பறித்து, ஏணி வைத்து ஏறி, ஆண்மரத்துக் கிளையெல்லாம் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். பள்ளியில் செடியைப் பாராமல் கள்ளப் படம் கீறின பிள்ளைகளுக்குச் சுழியம் போட்டவள் நான்! சுண்ணாம்பையும் தேய்த்துக் கழுவினேன். அவன் வந்தான், அண்ணாந்து பார்த்தான், எண்ணி எழுதிக்கொண்டான். சுண்ணாம்பு பூசியவனைக் கூப்பிட்டு 'பாக்கெரோ' என்று ஒரு திட்டும் ஓர் அறையும் கொடுத்தான். அடி வாங்கியவனை நினைத்தால் மனம் கேட்கவில்லை. மரத்தைப் பார்த்தால் கேட்கிறது.

மொழிபெயர்க்கக் கூட வந்த அண்ணர் கண்ணில் மட்டும் நூல் பட்டுவிட்டது. அங்கே வாய் திறக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை, இல்லையென்று சொல்லமாட்டேன். அவன் போனபிறகு வீட்டுக்கு வந்து கத்தினார். தலையைக் கொண்டுபோயிருப்பான், உனக்கு மட்டுமல்ல, எனக்கும் என்றார். தோட்டம் தம்பி பெயரில் இருக்கிறது, அவன் வாய்ச்சொல் இல்லாமல் உனக்கு என்ன உரிமை, வெட்டக்கூடாது என்று அவன் கையால் ஒரு வரி வரட்டும், நான் கோடாலியைத் தொடமாட்டேன், இல்லையென்றால் எழுதிப்போன காய்க்கு அறுப்புக் கணக்கு எடுக்க ஜப்பான்காரன் திரும்பி வருமுன் நானே வெட்டுவேன் என்று போய்விட்டார்.

வெட்ட வரட்டும். மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தம்பி பெண்சாதி மேல் கோடாலி போடுகிற மனிதரா உங்கள் அண்ணர்? அதையும் பார்த்துவிடுகிறேன்.

இங்கே ஆட்கள் பலதும் கதைக்கிறார்கள். உங்களோடு ஏறியவர்களில் எவரிடமிருந்தும் கடிதமில்லையாம். போன வெள்ளிக்கிழமை ஒருத்தி என் நெற்றிப் பொட்டை உற்றுப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். படலையைக் காட்டி, வந்த வழியே போ என்றேன். இரவில் உள்ளுக்குள் நடுங்குகிறது, அத்தான். பகலில் எவருக்கும் காட்டமாட்டேன்.

ஆகையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கடதாசி இல்லையென்றால் சிகரெட் பெட்டியைக் கிழித்து எழுதுங்கள். வெட்டாதே என்று எழுதுங்கள். வெட்டு என்று எழுதினாலும் சரி, நான் வெட்டப்போவதில்லை. எழுத்து உங்களுடையதாக இருந்தால் போதும்.

உங்கள்
நவமணி