அரை அந்தர் எத்தனை ராத்தல்

ஐப்பசி 12, வியாழன்

முழங்கால் வலியால் தேயிலைக் கொழுந்து பறிக்க மலையேற முடியாத ராக்கம்மாவுக்கு உர ஸ்டோரில் நிறுக்கும் வேலை கிடைத்து இன்றுதான் முதல் நாள். மூட்டைக்கு அரை அந்தர் உரம் போட வேண்டும்.

"அம்பத்தாறு ராத்தல்தானே அண்ணே?" என்று கேட்டாள்.

"ஒரு அந்தர்னா நூறு, பாதி அம்பது தங்கச்சி. மிச்ச ஆறு ராத்தல் யாருக்கு, ஒன் வாசல் பூசணிக் கொடிக்கா?" என்றேன். என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு ஐம்பதாகவே நிறுத்தாள்.

சாயங்காலம் ஸ்டோர் ஐயா ஒரு மூட்டையைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். அந்தருக்கு நூற்றுப் பன்னிரண்டு ராத்தலாம். இத்தனை வருஷம் முதுகில் சுமந்த எனக்கு அது தெரியவில்லை.

"யார் சொல்லி இப்புடி நிறுத்த?" என்று கத்தினார்.

ராக்கம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க ஐயா தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். நாளையிலிருந்து மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கே போகச் சொல்லிவிட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நாளெல்லாம் மூடாத வாய் அந்த நேரம் பார்த்து மூடிக்கொண்டது.

விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னாலேயே ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ராக்கம்மா நொண்டி நொண்டி நடக்கிறவள். அதனால் அவள் எனக்கும் முன்னால் கூடையோடு மலைக்குக் கிளம்பிவிடுவாள்.