எனக்கு மட்டும் தந்த பாஸ்வேர்டு

வியாழன், இரவு.

அம்மா உறங்கிவிட்டாள். அவள் போன் என்னிடம் இருக்கிறது.

போன வாரம் நெட் தீர்ந்ததால், ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்ப வடசேரி பேக்கரி அண்ணாச்சி எனக்கு மட்டும் வைஃபை பாஸ்வேர்டு தந்தார். நான் அதை எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். இன்று கடை வாசல் முழுக்க எங்கள் வகுப்புப் பிள்ளைகள், கையில் போனுடன். பில் போடும் மெஷின் நெட் இல்லாமல் நின்றுவிட்டது. வாங்க வந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"நீ ஆருட்டயும் சொல்லலியே மக்கா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.

நாளை ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்க வருகிறாராம். குழுவில் போட்டதை இப்போதுதான் அழித்தேன். உடனே என் வகுப்புத் தோழி ஷைனி எழுதினாள்: "ஏட்டி, தெரியாம அழிச்சிட்டியா? பயப்படாண்டாம், நான் எழுதி வச்சிருக்கேன். பி செக்‌ஷனுக்கும் குடுத்தாச்சு."