இரண்டு இலை

லா டீக் தீவு, 4 மே 1997

அன்புள்ள மர்லென் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஈஸ்டருக்கு மாஹே தீவுக்கு வந்தபோது நீ வேலை பார்க்கும் பாறைக்காட்டில் சொறிமீன் மரத்தடியில் நாலு காய் பொறுக்கினேன், ஞாபகமிருக்கிறதா? சொறிமீன் போலவே விரிந்து வெடித்துக் கிடந்த அழகுக்காகத்தான். அதிலிருந்து உதிர்ந்த விதையில் ஒரு பிடியைத் தேங்காய்ச் சக்கையோடு பால்மாவு டின்னில் போட்டுவைத்தேன். ஒன்று முளைத்திருக்கிறது, அக்கா.

"உங்கக்கா பதினோரு வருஷமா இந்த விதையக் கண்ணாடிக் கூண்டுல வெச்சுத் தாலாட்டுறாங்க. நீ டின்னுல கொட்டியே முளைக்க வெச்சுட்டியே" என்று என் வீட்டுக்காரர் ரெனே சிரிக்கிறார்.

இரண்டு இலை, தண்டு சிவப்பு. அதுதானா என்று நீதான் சொல்லவேண்டும். நான் எழுதும் எதற்கும் பதில் போடமாட்டாய், இதற்காவது போடு.

உன் ஒடெட்

மாஹே, 8 மே 1997

தங்கை ஒடெட்டுக்கு,

கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். அது சொறிமீன் மரமே இல்லை, வேலியோரத்துக் களை. அந்தச் சிவப்புத் தண்டே அடையாளம். காட்டில் மிஞ்சியிருப்பது சில டஜன் கிழட்டு மரங்கள், ஒன்றின் அடியிலும் ஒரு கன்று கிடையாது. டின்னில் கொட்டினால் முளைக்குமென்றால் எனக்கு இந்த நாற்றங்காலில் என்ன வேலை? உடனே பிடுங்கிப் போடு, பக்கத்துச் செடிகளையும் கெடுத்துவிடும்.

ரெனேயைச் சிரிக்க வேறு விஷயம் பார்க்கச் சொல்.

மர்லென்

லா டீக், 13 மே 1997

அன்பு அக்கா,

நாலே நாளில் பதில் போட்டாயே, அதுவே பெரிய சந்தோஷம். நீ சொன்னபடி பிடுங்கி, மகள் பிறந்தபோது ஊர் வழக்கப்படி வாங்கிய ஆமையின் முன்னால் போட்டேன். ஒரே கடி.

அழுகை வந்தது, மறைக்கவில்லை. அம்மா இருந்தவரை என் சமையல், என் தையல் என்று எல்லாவற்றுக்கும் என்னைத்தான் மெச்சினாள். நீ மூலையில் நின்று பார்ப்பாய், எனக்குத் தெரியும். அதனால் டின்னோடு கப்பலேறி வந்து உன் மேலதிகாரியிடம், "இது அக்கா முளைக்க வெச்சது" என்று சொல்ல நினைத்திருந்தேன். ரெனேயிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லியாயிற்று.

போகட்டும், களைதானே.

உன் ஒடெட்

மாஹே, 18 மே 1997

ஒடெட்,

அது களை இல்லை.

சிவப்புத் தண்டு என்று படித்ததுமே தெரிந்துவிட்டது, கிழட்டு மரங்களின் துளிரும் அதே சிவப்பு. என் வயிறு எரிந்தது. அம்மா வீட்டில் எரிந்தது போலவே, இந்த வயதிலும். பதினோரு வருஷமாக நான் சுத்த நீர் ஊற்றி, வெப்பம் பார்த்து, குறிப்பெழுதியும் கண் திறக்காதது உன் எச்சில் டின்னில் திறந்ததே என்று ஆத்திரம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத மரம் அது. அதன் கன்றை உன் கையாலேயே கொல்லவைத்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. மீதி விதை இருந்தால் மறுபடி அதே சக்கையில் போடு. முளைத்தால் மேலதிகாரிக்கு நேரே எழுது, உன் பெயரிலேயே.

முளைத்ததை எனக்கு மட்டும் எழுதிவிடாதே. மறுபடியும் களை என்றுதான் சொல்வேன்.

மர்லென்