புகையே வராத மோட்டார்

கில்மொய்லன்,
ஜூன் மாதம், செவ்வாய் காலை

அன்பு மகள் நெஸ்ஸாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அங்கே பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி மேவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், மாடுகள் சுகம், மழையும் தன் வழக்கப்படி சுகமாகப் பெய்துகொண்டிருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் இப்போது ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் மூன்று வார்த்தை சேர்க்கிறாள், இதை அவள் காதுபடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இப்போது பூசைக்குப் போயிருக்கிறாள், பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஊர்க்கதை பேசாமல் வரமாட்டாள், அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும். உன் கூடப் படித்த ஷீலாவுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, கொட்டகைக் கூரையில் காற்று பிய்த்த தகரத்தை மாற்றிவிட்டேன், செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. இதெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். போன மாதம் போனில் மேவ் என்னைக் கேட்டாளே, ஆகஸ்டில் வரும்போது தாத்தாவும் தானும் மட்டும் படகில் ஏறி ஏரி நடுவில் இருக்கிற தீவுக்குப் போகலாமா என்று, நானும் சரி கண்ணு என்று சொன்னேனே, அந்தச் சரிதான் இப்போது என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வரை அது உறுத்தியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் நம் ஊர்ப் பழைய இயந்திரக் கண்காட்சி. வழக்கம் போல பாதிரியார் வந்து டிராக்டர்களுக்குத் தீர்த்தம் தெளித்தார், கதிரடிக்கிற மெஷின் அரை மணி ஓடி பெல்ட் அறுந்து நின்றது, டீக் கூடாரத்தில் உன் அம்மாவின் உலர்திராட்சை ரொட்டி முதலில் தீர்ந்தது. என் படகு மோட்டார்களை மேசையில் வரிசையாக வைத்திருந்தேன், ஓட்டிக் காட்டுவதற்காக இரண்டை மட்டும் தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மாட்டியிருந்தேன், பச்சைப் பெட்ரோல் தொட்டி வைத்த சின்னவள் ஒரு பீப்பாயில், உலக யுத்தத்துக்கு முந்திய பெரியவள் இன்னொன்றில். பெரியவளை உயிர்ப்பிக்க எனக்கு மூன்று குளிர்காலம் ஆனது உனக்குத் தெரியும். பக்கத்து மேசை எப்போதும் போல மாலக்கி. நாங்கள் பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எலியும் பூனையும். வந்ததும் வராததுமாக, "ஏன்டா ஃபின்டன், போன வருஷம் நீ ஏரியில மோட்டார் ஓட்டினதுல மீனெல்லாம் இருமிக்கிட்டே கரைக்கு வந்துச்சாமே" என்று ஆரம்பித்தான். நான் விடுவேனா, "உன் மோட்டாரைக் கிளப்பக் கயிறு இழுத்து இழுத்தே உன் வலது கை ஒரு முழம் நீண்டுபோச்சு, போய் ஒரு சட்டை தைச்சுக்கோ" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல நாளாகத்தான் தொடங்கியது.

இந்த மோட்டார்களுக்கு ஆயிலைத் தனியாக ஊற்ற இடம் கிடையாது, பெட்ரோலிலேயே கலந்துவிட வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பத்து வயதிலேயே நீயே அளந்து கலந்தவள். ஆயில் எரிவதுதான் அந்த நீலப் புகை. ஆயில் இல்லாவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும், சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அது மோட்டார் இல்லை, நங்கூரம். சனிக்கிழமை மாலை கொட்டகையில் இரண்டு கேனிலும் நானே கலந்து வைத்தேன், சின்னவளுக்கு ஒன்று, பெரியவளுக்கு ஒன்று. காலையில் சின்னவளைக் கிளப்பினேன். அம்மாடி, அப்படி ஒரு புகை. பக்கத்தில் நின்ற கழுதைக்குட்டி கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது, டீக் கூடாரத்தில் பெண்கள் முந்தானை இல்லாத குறைக்கு மேசை விரிப்பால் மூக்கை மூடினார்கள். ஒலிபெருக்கிக்காரன், "ரோமாபுரியில விடுற மாதிரி புகை வருது, ஃபின்டன் டோலன் பக்கத்துல புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுத்துட்டாங்க போல, எந்த ஊர்க்காரருன்னு யாராவது கேட்டுச் சொல்லுங்கப்பா" என்றான். மைதானமே சிரித்தது. நானும் சிரித்தேன். கார்புரேட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறுத்திவிட்டேன்.

மதியத்துக்கு மேல் பெரியவளின் முறை. நல்ல கூட்டம். கயிற்றை மேல்சக்கரத்தில் சுற்றி இழுத்தேன், இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பிவிட்டாள். எவ்வளவு இனிமையாக ஓடினாள் தெரியுமா. பீப்பாயில் தண்ணீர் நுரைத்துச் சுழன்றது, புகை என்று பேருக்குக்கூட இல்லை. டப்ளினிலிருந்து வந்த ஒரு தம்பதி, "எவ்வளவு சுத்தமா ஓடுது பாருங்க, இந்தக் காலத்து மோட்டார்கூட இப்படி ஓடாது, என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்கள். நெஸ்ஸா, நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "பொறுமை வேணுங்க, எல்லாம் பொறுமைதான்" என்றேன். இதை எழுதும்போது வெட்கத்தில் காது சுடுகிறது. பல்லாண்டு காலம் இந்தப் புகையைக் குடித்தே வளர்ந்தவன், புகை வராத மோட்டாருக்கு முன்னால் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஏன் புகை வரவில்லை என்ற கேள்வி என் தலைக்குள் எழவே இல்லை.

மாலக்கி கையில் பாதி தின்ற ரொட்டியோடு எழுந்து வந்தான். கிண்டல் வரப்போகிறது, பதில் சொல்ல வேண்டும் என்று நானும் தயாராக நின்றேன். அவன் மோட்டாரைப் பார்க்கவில்லை, முதலில் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து பெட்ரோல் வருகிற திருகை மூடினான், ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கினான், பெரியவள் ஒரு செருமல் செருமி நின்றாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "கையை எடுடா, யாரு மோட்டார்ல யாருடா கை வைக்கிறது" என்று கத்தினேன். அவன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "மன்னிச்சுக்கோங்க, தப்பு என்னோடது. புல்வெட்டிக்கு வச்சிருந்த ஆயில் கலக்காத என் பெட்ரோல் கேனைக் காலையில இவன் மேசைக்கு அடியில வச்சுட்டேன், பாவம் இவன் அதை எடுத்து ஊத்திட்டான், இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா இந்த அருமையான மோட்டாரை நான் கொன்னிருப்பேன்" என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் உன் மாலக்கி மாமா. அவன் கேன் என் மேசைப் பக்கமே வரவில்லை. என் மோட்டாரை அருமை என்று அவன் சொன்னதும் அதுதான் முதல் தடவை. கூட்டம் கலைந்ததும் பெரியவளின் தொட்டிக்குள் விரலை விட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, என் மூக்கருகே நீட்டினான். வெறும் பெட்ரோல். வழவழப்பே இல்லை. அப்போதுதான் காலையில் சின்னவள் விட்ட புகை எனக்கு நினைவு வந்தது. இரண்டு கேனுக்கான ஆயிலையும் நான் ஒரே கேனில் ஊற்றியிருக்கிறேன். பீப்பாயைப் பிடித்துக்கொண்டேன்.

இதைக் கவனமாகப் படி. மறந்துவிட்டேன் என்றால் இவ்வளவு பயப்படமாட்டேன், வயசானால் மறதி வருவது இயல்புதான், மூக்குக் கண்ணாடியைத் தேடாத கிழவன் யார். ஆனால் நான் மறக்கவில்லை. இரண்டாவது கேனில் ஆயில் ஊற்றியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தது, ஆயில் கடைசியில் நூலாக இறங்கியது, மூடியைத் திருகிவிட்டுக் கேனைக் குலுக்கியது எல்லாம் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. நடக்காததை நடந்ததாக என் தலை எனக்குக் காட்டுகிறது, நானும் நம்புகிறேன். சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் செய்திருப்பேன்.

பிறகு விஷயம் கேள்விப்பட்டு உன் அம்மா டீக் கூடாரத்திலிருந்து மாவுக் கையோடு வந்தாள். மாலக்கி சொன்ன பொய்யை அவளும் நம்பி, "உனக்கு அறிவிருக்கா மாலக்கி? மூணு குளிர்காலமா இந்த மனுஷன் எனக்குப் புருஷனா இல்ல, இந்த மோட்டாருக்குத்தான் புருஷனா இருந்தாரு, அதை ஒரு நிமிஷத்துல தொலைச்சிருப்பியே" என்று வாங்கு வாங்கு என்று வாங்கினாள். வாய்க்கு வாய் பதில் சொல்கிறவன் அவன், அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அவள் போனதும் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான், சர்க்கரைகூடப் போட்டுக் கலக்கி. "ஆனைக்கும் அடி சறுக்கும்டா, விடு" என்றான். நான், "என்னைக் கிண்டல் பண்ணுடா, வருஷம் பூரா சொல்லிச் சிரிக்கிற மாதிரி விஷயம் கிடைச்சிருக்கு, சிரியேன்டா" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அவன், "சிரிக்க என்னடா இருக்கு" என்று சொல்லி என் முழங்கையைப் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தான். அவனுடைய அண்ணன் டெர்மட், பெற்ற பிள்ளைகளையே யார் என்று கேட்டுக்கொண்டு கடைசி வருஷங்களைக் கழித்தாரே, அவரைக் கூட்டிக்கொண்டு பூசைக்கு வரும்போது மாலக்கி இப்படித்தான் முழங்கையைப் பிடிப்பான். மோட்டார் போனாலும் போயிருக்கட்டும், அந்தக் கை என்னைத் தொடாமல் இருந்திருக்கலாம். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்றைக் கவனித்தேன். டீ போட்டுவிட்டு அடுப்பை அணைத்தேன், கொஞ்ச நேரத்தில் உன் அம்மா வேறு எதையோ தேடுகிறவள் போல வந்து அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். நேற்றும் பார்த்தாள். மாட்டுக் கொட்டகைக் கதவை நான் சாத்திவிட்டு வந்ததும் அவள் ஒரு தடவை வெளியே போய் வருகிறாள். அவள் கண்காட்சியில் மாலக்கியை அப்படித் திட்டியதுகூட நம்பித்தான் திட்டினாளா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எத்தனை நாளாக இப்படி என் பின்னாலேயே வந்து பார்க்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதிலுக்குப் பயமாக இருக்கிறது மகளே. வியாழக்கிழமை மாலக்கி என்னை டவுன் டாக்டரிடம் கூட்டிப்போகிறான். விலைக்கு வந்த ஒரு மோட்டாரைப் பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். டாக்டர் என்ன சொன்னாலும் நானே அவளிடம் சொல்வேன், நீ முந்திக்கொண்டு போன் போட்டுவிடாதே.

இனி ஆகஸ்ட் விஷயம். அந்த ஏரி உனக்குத் தெரியும், கரையில் வெயிலடிக்கும், தீவைத் தாண்டினால் காற்று மாறும். படகின் அடித்துளைக்குத் தக்கை அடித்தேனா, மோட்டாரைப் பின்பலகையில் இறுக்கினேனா, குழந்தையின் லைஃப் ஜாக்கெட்டில் கால்களுக்கு இடையே போகிற அந்த வாரை மாட்டினேனா என்று நீ கரையிலிருந்து கேட்பாய். மாட்டிவிட்டேன் என்பேன். பொய் சொல்லமாட்டேன், என் கண்ணுக்கு அது மாட்டியதாகத்தான் தெரியும், கொக்கி டக்கென்று விழுந்த சத்தம்கூட என் காதில் இருக்கும். நடுத்தண்ணீரில்தான் தெரியவரும் மாட்டவில்லை என்று. ராத்திரியில் இதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் மேவை என்னோடு தனியாகப் படகில் அனுப்பாதே. எந்தக் காரணம் சொன்னாலும் அனுப்பாதே. மாலக்கி படகோட்டட்டும், நீயும் ஏறிக்கொள், நான் முன்பக்கம் சும்மா உட்கார்ந்து அவளுக்குப் பறவைகளைக் காட்டிக்கொண்டு வருகிறேன்.

இன்றைக்கு இப்படி அடங்கி ஒடுங்கி எழுதுகிறேன், ஆகஸ்டில் இப்படி இருக்கமாட்டேன். எனக்கு ஒன்றுமில்லை, டாக்டருக்கு என்ன தெரியும், உன் அம்மா பயந்தாங்கொள்ளி என்பேன். குழந்தை அழுகிறாள் பார் என்று காட்டி உன்னை மடக்கப் பார்ப்பேன், உன்னை எப்படி மடக்குவது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நீ மசிந்துவிடாதே. இந்தக் காகிதத்தை என் கண்ணெதிரே விரித்துக் காட்டு. அப்பா, உங்கள் கையெழுத்துதானே என்று கேள். நான் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் சந்தோஷம். இப்படி ஒரு கடிதத்தை நான் எழுதவே இல்லை என்று சாதித்தால், குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடு. நான் என்ன கத்தினாலும் திரும்பிப் பார்க்காதே.

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது. மாதாவும் காவல் தூதர்களான சம்மனசுகளும் உங்கள் மூன்று பேரையும் இரவும் பகலும் காக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், மேவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். ஒன்றை மட்டும் நினைவில் வை, வரும்போது இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடாதே, பெட்டி விமானத்தில் தொலைந்தாலும் தொலையும், கைப்பையில் வைத்துக்கொண்டு வா. ஆகஸ்டில் உன்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவன் என்ன சொன்னாலும், இதை எழுதுகிறவன் சொல்வதையே கேள்.

இன்று தெளிவாக இருக்கிற,
உன் அப்பா
ஃபின்டன் டோலன்