மூலையில் ஒரு கறுப்புச் சொட்டு

உ

மாட்டுங்கா, பம்பாய்
தாரண வருஷம் ஆடி மாதம்
23-7-1944, ஞாயிறு

சிரஞ்சீவி அனந்தநாராயணனுக்கு, உன் சித்தப்பாவும், மாட்டுங்கா மூன்றாம் மாடிக்கும் அதன் கீழே நனைந்துகொண்டிருக்கும் இரண்டு மாடிகளுக்கும் மழைக்காலச் சக்கரவர்த்தியுமாகிய வெங்கடேஸ்வரன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் சித்தி பாகீரதி, உன் தங்கை ஷ்யாமளா மூவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை. ஏன் என்பது கடைசியில் வரும், பொறுத்துக்கொள். அதற்கு முன்னால் அவசரமாக ஒரு ராஜாங்க அறிவிப்பு. இந்தக் காகிதத்தின் வலது மேல் மூலையில் கறுப்பு மை ஒரு சொட்டு இருக்கும். அதைப் பார்த்தவுடன் வாசலுக்கு வெளியே நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டு, கட்டின வேஷ்டியோடு பிரம்மபுத்திராவில் போய் விழுந்துவிடாதே. சாவுச் செய்திக் கடிதத்துக்குத்தான் மூலையில் கறுப்புத் தடவுவார்கள், படித்தவன் தலைக்கு முழுக வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இங்கே யாரும் சாகவில்லை. அது வேண்டுமென்றே வைத்த சொட்டு. வைத்தவள் ஷ்யாமளா. அதை வைக்க அவளுக்கு ஒன்பது மாதம் ஆயிற்று, நளன் பட்ட பாடெல்லாம் அதற்கு முன்னால் சாயங்கால நடை. நடுவில் உறையைப் பிரித்துப் படிக்கிற சென்ஸார் ஐயா அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம், இது ஜப்பான்காரனுக்கு நாங்கள் காட்டுகிற ரகசியக் குறி இல்லை, ஒரு பதினைந்து வயதுக் குழந்தையின் கைச் சொட்டு, தயவுசெய்து அழிக்காமல் அனுப்பவும்.

நீ கோபமாகப் போட்ட மூன்று கார்டும் வந்து சேர்ந்தன. ஒரு கார்டில், அஸ்ஸாமுக்கு ரயில் வேலைக்கு நான் வந்ததிலிருந்து வாரம் தவறாமல் எழுதினவர் தை பிறந்த பிறகு ஒரு வரி எழுதவில்லையே, அண்ணா பிள்ளைதானே என்று மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த அன்று உன் சித்தி ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், நான் இரண்டு தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். மறக்கவில்லையடா. தை முதல் ஆனி வரைக்கும் பதினொரு கடிதம் எழுதினேன். ஒன்றுகூட நம் தெருமுனைத் தபால் பெட்டியை எட்டவில்லை. தபாலில் போடுவது நீ இங்கே இருந்த நாளிலிருந்தே ஷ்யாமளாவின் உத்தியோகம் என்று உனக்குத் தெரியும். அவள் உறையை ஒட்டுவாள், வாசல் வரை போவாள், மூலை சுத்தமாக இருந்ததா என்று ஒரு சந்தேகம் வரும், திரும்பி வந்து கொதிக்கிற வெந்நீர் ஆவியில் காட்டிப் பிரிப்பாள், நாலு மூலையையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பாள், ஒட்டுவாள், மறுபடியும் பிரிப்பாள். உறை வெற்றிலைக் கொடி மாதிரித் துவண்டு போகும் வரைக்கும் நடக்கும். ஒரு தடவை நான் சமர்த்தாக ஆபீசிலிருந்து ஒரு கார்டைப் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன், எப்படியோ தெரிந்துகொண்டு இரண்டு நாள் அன்ன ஆகாரம் இல்லாமல் படுத்துவிட்டாள். கார்டு என் கோட்டுப் பையிலேயே இருக்கிறது.

இதற்கு நடுவில் கை கழுவுதல். விடிந்தால் குழாயில் தண்ணீர் வருகிற இரண்டு மணி நேரமும் குழாயடி அவள் ராஜ்யம். நான் பல் தேய்க்க மனுப் போட்டு நிற்பேன். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அரைத் தூக்கத்தில் கிடந்தால் கட்டடம் மெல்ல நங்கூரம் கழன்று, கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி, டிராம் தண்டவாளத்தின் மேலேயே மிதந்து மாஹிம் கடலுக்குப் போய்விட்டதாகத் தோன்றும். நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா, மடி என்று நினைத்தோம். உன் சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. பஜனைக்குப் போன இடத்தில் எல்லாம், இந்தக் காலத்துப் பெண் குழந்தைகளிலே இப்படி ஒரு ஆசாரமா, தொட்டதற்கெல்லாம் கை அலம்பறாளே என்று நாலு மாமிகள் சொல்ல, இவள் பூரித்துப் போய் வந்து ரேஷன் காலத்தில் எங்கிருந்தோ சோப்புக் கட்டி தேடிக் கொடுத்தாள். நானும் சும்மா இருந்தேனா, எங்கள் வீட்டில் ஒரு மடி சாம்ராஜ்ஞி அவதாரம் எடுத்திருக்கிறாள், கங்கையே கால் அலம்பிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று ஆபீஸ் முழுக்கப் பறையடித்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாதத்தில் கை வைத்தால் எரிகிறது என்று அவள் ஸ்பூன் கேட்ட அன்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் தூக்கம் கலைந்தது. அதற்குள் பள்ளிக்கூடமும் நின்று போயிருந்தது, மையும் பேனாவும் இருக்கிற இடம் என்று அவளால் அந்த வாசற்படியை மிதிக்க முடியவில்லை.

பிறகு சத்தியம் ஆரம்பித்தது. அப்பா, அனந்து அண்ணாவுக்கு ஒண்ணும் ஆகாதே, சத்தியம் பண்ணு என்பாள். நான் யார், சத்தியத்துக்குப் பஞ்சமா, முப்பத்து முக்கோடி தேவர்களையும் ஒரே மூச்சில் சாட்சிக்கு இழுத்து, அனந்துவுக்கு ஒரு ரோமம் உதிர்ந்தால் இமயமலையைப் பெயர்த்து ஒர்லிக் கடற்கரையில் நட்டுவிடுகிறேன் என்பேன். சிரிப்பாள். கால் மணி கழித்து மறுபடியும் வருவாள். முன்னே சொன்ன அதே வார்த்தை, அதே வரிசை, ஒன்று மாறினால் செல்லாது, முதலிலிருந்து சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, எழுதிக் காட்டினால் செல்லாது, அம்மா சொன்னால் செல்லாது. உன் கார்டில் சௌக்கியம் என்று இருக்கிறதே என்றால், அது பத்து நாளைக்கு முன்னாடி எழுதினது, இன்னிக்கு எப்படி இருக்கானோ என்பாள். ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்து நம் ஜன்னல் கண்ணாடியெல்லாம் நடுங்கியதே, அன்றைக்கு ஊரே மொட்டை மாடிக்கு ஓடிற்று, இவள் மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நான் இன்னிக்குக் கடிதாசை ஒழுங்காப் பார்க்கலையோ அப்பா என்று கேட்டாள். எனக்கு அன்று ஒரு பகடியும் வரவில்லை. இரண்டாம் மாடி அம்மிணி மாமி வந்து, பாகீரதி, இது மடி இல்லேடி, ஏதோ பிடிச்சிருக்கு, ஊர்ப் பக்கத்திலே ஒரு க்ஷேத்திரம் இருக்கு, பிரம்பாலே நாலு போட்டா இறங்கிடும் என்றாள். உன் சித்தியும் ஆடி கழிந்ததும் அழைத்துப் போவது என்று பெட்டியைக்கூடக் கீழே இறக்கிவிட்டாள். அந்தப் பெட்டி இப்போதும் கூடத்தில்தான் இருக்கிறது, ஷ்யாமளா அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள்.

இந்த இடத்தில்தான் பகவான் என் தொண்டையைப் பிடித்தான். ஆனி மாதத்து முதல் பெரிய மழையில், குடையை மறந்துவிட்டு மஹாராஜா மாதிரி நனைந்துகொண்டே வந்தேன், மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்று. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்பது நாளைக்கு மூச்சு விடலாம், பேசக்கூடாது என்று உத்தரவு போட்டார். பாகீரதி அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது இரண்டு நமஸ்காரம் கூடப் பண்ணினதாகக் கேள்வி. முதல் நாள் மத்தியானம் ஷ்யாமளா வந்து சத்தியம் கேட்டாள். நான் வாயைத் திறந்து காட்டினேன். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. சொல்லு அப்பா, சொல்லு அப்பா என்று என் முழங்காலைக் குலுக்கினாள், கை குழாயடிப் பக்கம் இழுத்தது, தண்ணீரோ காலையிலேயே நின்றுவிட்டது. எனக்குச் சத்தியம் பண்ண வேண்டும் என்று நெஞ்சு வெடிக்கிறது, குரல் இல்லை. வேறு வழி தெரியாமல் அவளை ஜன்னலோரம் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டேன். அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வேன். வெளியே மழை நின்று நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது, எதிர்க் கட்டடம் கரைந்து போய் வெறும் சாம்பல் நிறமாக நின்றது, டிராம் வண்டிகள் தண்ணீருக்கு அடியில் மீன் போகிற மாதிரி மணியடித்துக்கொண்டு போயின, நாங்கள் இரண்டு பேரும் யாரோ காண்கிற கனவுக்குள் ஓரமாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவள் நடுங்கிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம், அதற்கு மேலும் இருக்கும். பிறகு நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, மழை விடுகிற மாதிரி, யாரும் ஒன்றும் செய்யாமலே விட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டு, அப்பா, பசிக்கறது என்றாள். ஒருத்தரும் சத்தியம் பண்ணவில்லை அனந்து, பயம் வந்தது, உட்கார்ந்தது, எழுந்து போய்விட்டது. இது எனக்குத் தெரியாமல் ஆறு மாதமாக நான் அதற்கு நாற்காலி போட்டு, தாம்பூலம் வைத்து உபசாரம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவளே பேச ஆரம்பித்தாள். பதினைந்து வருஷத்தில் இந்த வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை. போன நவராத்திரிக்கு உனக்கு அவள் ஒரு கார்டு எழுதினாளே, அதன் மூலையில் பேனா கக்கிவிட்டது. அவள் துடைப்பதற்குள் நான் எட்டிப் பார்த்து, ஐயையோ, மூலையிலே கறுப்பு வெச்சுட்டாளே, அனந்து படிச்ச கையோட தலை முழுகப் போறான், எமதர்மனுக்கே விலாசம் எழுதிக் கொடுத்துட்டியேடி என்று சொன்னேனாம். சொல்லிவிட்டு நானே சிரித்து, நானே மறந்தும் போனேன். கார்டு போய்விட்டது. இரண்டு வாரத்தில் உனக்கு மலேரியா கண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாய் என்று உன் சிநேகிதன் கடிதம் வந்தது. அன்றிலிருந்து அந்தக் குழந்தை ஒருத்தருக்கும் சொல்லாமல், தன் விரலில் இருந்த மையைத்தான் இத்தனை நாளும் கழுவிக்கொண்டிருந்தாள். என் வார்த்தை அனந்து. ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிற சக்கரவர்த்தியின் வார்த்தை. எனக்கு அழுவதற்குக்கூடக் குரல் இல்லை, அவளுடைய வெடித்த கையை எடுத்து என் கண்ணில் வைத்துக்கொண்டேன், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குரல் ஏழாம் நாளே வந்துவிட்டது, அதை ஒருவருக்கும் காட்டாமல் பதிமூன்றாம் நாள் வரை ஊமையாக ராஜ்யபாரம் பண்ணினேன். பதினாலாம் நாள் பூனை பால் பாத்திரத்தை உருட்டியதைப் பார்த்து ஏய் என்று கத்தி அகப்பட்டுக்கொண்டேன். ஷ்யாமளா என்னை மோசக்காரா என்று திட்டிவிட்டு, உடனே, அப்படின்னா இப்போ சத்தியம் பண்ணு என்றாள். எனக்குத் தெரியாது குழந்தே என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் ஆயுளில் நான் மிகை கலக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

பரேல் பக்கத்தில் இந்த மாதிரி வியாதிகளைப் படித்த ஒரு டாக்டரிடம் அப்புறம் அழைத்துப் போனோம். அவர் வெகு நேரம் அவளிடமே பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, இது பேயும் இல்லை மடியும் இல்லை, மலேரியா மாதிரி ஒரு வியாதி, என்னிடம் இதற்கு மாத்திரை கிடையாது, ஆனால் நீங்கள் இரண்டு பேரும் தினமும் கொடுக்கிற சோப்பையும் சத்தியத்தையும் மெதுவாகக் குறையுங்கள், அடிக்கவும் கூடாது, அதற்கு அடங்கிப் போகவும் கூடாது என்றார்.  வீட்டுப் படியேறும்போது உன் சித்தி, ஏன்னா, அந்தச் சோப்பை நான்தானே தேடிண்டு வந்தேன் என்று மட்டும் சொன்னாள். நான் வழக்கம் போல் ஒரு பிரசங்கம் செய்யாமல் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டேன். சொஸ்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நேற்றுக்கூடக் குழாயடியில் ஒரு மணி நேரம், கதவுக்கு வெளியே நான், உள்ளே அவள் அழுகை. டாக்டரும் வருஷக் கணக்கில் ஆகும், போகும் வரும் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் முந்தாநாள் தன் கையால் மைக்கூட்டைத் திறந்தாள். இன்று காலை, அப்பா, அண்ணாவுக்கு எழுது, மூலையிலே நானே வைக்கறேன், நீ பார்த்துண்டு இரு, ஒண்ணும் சொல்லாதே என்றாள். வெள்ளைக் காகிதத்தில் முதலில் சொட்டு விழுந்தது, அதற்குக் கீழேதான் நான் பிள்ளையார் சுழியே போட்டேன். இந்தக் கடிதம் முழுவதும் அதன் நிழலில் எழுதினது.

இப்போது மணி நாலு. மழை சற்றே ஓய்ந்து வெளிச்சம் மோர் நிறத்தில் இருக்கிறது. ஷ்யாமளா செருப்பைப் போட்டுக்கொண்டு குடையோடு வாசலில் நிற்கிறாள். நான் ஒட்டிக் கொடுக்க வேண்டும், அவள் தனியாகப் போக வேண்டும், வெந்நீர் அடுப்பைப் பாகீரதி அணைத்துவிட்டாள். அவள் தபால் பெட்டியில் போட்டால், கூடத்தில் இருக்கிற அந்தப் பெட்டியை தானே தூக்கிப் பரண் மேல் போட்டுவிடுவதாக உன் சித்தி சொல்லியிருக்கிறாள், பெண்ணிடம் இல்லை, என்னிடம் மட்டும். போடாமல் திரும்பினாலும் அந்தப் பெட்டி நாலு பேர் தூக்கினாலும் ரயில் ஏறாதபடி நான் அதன் மேல் உட்காருவேன், அது என்னோடு இருக்கட்டும்.

இனி உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியது. இதைப் படித்ததும் சௌக்கியம், கவலைப்படாதே என்று தந்தி அடிக்காதே. அவளுக்கு அந்த வார்த்தை சோப்பு மாதிரி. சாவகாசமாகப் பத்துப் பதினைந்து நாள் கழித்து எழுது, உன்னூர் மழை எப்படிப் பெய்கிறது, யானை பார்த்தாயா, உன் சமையல்காரன் சாம்பார் என்று எதைக் கொண்டுவந்து வைக்கிறான், அதையெல்லாம் எழுது. மூலையில் உன் பேனா ஒழுகினால் ஒழுகட்டும். உன் உடம்பைப் பற்றி மாத்திரம் எனக்குத் தனியாக ஆபீஸ் விலாசத்துக்கு ஒரு வரி போடு என்று முதலில் எழுதினேன், அந்த வரியை அடித்துவிட்டேன், மேலே பார்த்தால் தெரியும். அங்கே சண்டை கிட்டத்தில் நடக்கிறது என்று பேப்பரில் போடுகிறான், எனக்கும் தினமும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனாலும் குழந்தை தெரியாமல் காத்திருக்கும்போது அப்பன் மட்டும் ஒளித்துவைத்துத் தெரிந்துகொள்வது நியாயமாகப் படவில்லை. அவளோடு ஜன்னலோரம் நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, கொசுவலையைக் கட்டிக்கொண்டு படு, குளிரும்போது காதை மூடிக்கொள். உன் சித்தி உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், அண்ணா பிள்ளை என்று நீ எழுதினதற்குத் தனியாக ஒரு குட்டும் அனுப்பியிருக்கிறாள். தீர்க்காயுசாக இரு என்று எழுதக் கை வருகிறது, அது சத்தியம் இல்லை, ஆசைதான், அதனால் எழுதலாம் என்று ஷ்யாமளா வாசலிலிருந்தே அனுமதி கொடுத்துவிட்டாள். தீர்க்காயுசாக இரு. காகிதத்தை மடிக்கப் போகிறேன். இதற்கு மேல் தெருவில் நடந்ததை நான் எழுத முடியாது, உன் கையில் இது இருக்கிறதென்றால் உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
குரல் திரும்பி வந்தும் குறைத்துப் பேசுகிற
உன் சித்தப்பா
வெங்கடேஸ்வரன்