உங்கப்பாவின் மனஸ்தாபம்

சேசு மரி சூசை துணை

குடிகாடு,
தபசுகாலம் நாலாம் வாரம்

அன்பு மகள் ஜூலிக்கு, உன் மாமா லூயிஸ் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. முறைப்படி மருமகள் என்றுதான் எழுதவேண்டும், ஆனால் உங்கம்மா கண்ணை மூடின நாளிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்த கை மகள் என்றுதான் எழுதும், கையை நான் என்ன செய்ய. இங்கே நானும் உன் அத்தை சகாயசெல்வியும் ஆண்டவர் கொடுத்த சுகத்தில் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே செய்தி வாசித்துவிடுகிறது. அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை இளவரசும் எங்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே நன்றாக இருக்கணும் என்று தினம் ஜெபமாலையில் உங்களுக்கென்று ஒரு பத்து மணி தனியாக உருட்டுகிறோம். இந்தக் கடிதத்தை நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஜெயராணி டீச்சர் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன், வாடை அடித்தால் அது கடிதத்தின் குற்றமில்லை. போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் உங்கப்பா பேரை எடுத்தாலே டூட்டிக்கு நேரமாச்சு மாமா என்கிறாய், அந்த ஆஸ்பத்திரியில் எந்நேரமும் உனக்கு மட்டும்தான் டூட்டி போலிருக்கிறது. கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார், அதனால்தான்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. கெமிக்கல் கம்பெனி வாடை காற்று திரும்பினால் வருகிறது, திரும்பாவிட்டால் வரவில்லை. போன மாதம் நம் கோவிலுக்கு ஆயர் வந்திருந்தார், கூட்டத்தில் அத்தனை பேர் இருக்க என்னைப் பார்த்து, லூயிஸ், நீ மட்டும் சாமியாராகப் போயிருந்தால் இந்த நாற்காலி உனக்குத்தான் என்றார். உன் அத்தை தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டு, "அவுரு நாற்காலிய கொஞ்சம் நவுத்திப் போடச் சொன்னாரு, அவ்ளோதான்" என்கிறாள். அவளுக்கு அன்றைக்குக் காது அடைப்பு.

அது கிடக்கட்டும். தை மாதம் உங்கப்பாவுக்கு நெஞ்சு அடைத்து சிதம்பரத்தில் சேர்த்தோம், அப்போது நீ தினம் அத்தையிடம் போனில் மருந்து பேர் வரைக்கும் கேட்டதும் தெரியும், அவரிடம் ஒரு வார்த்தை பேசாததும் தெரியும். குறை சொல்ல எழுதவில்லை. நீயே தேடிக்கொண்ட மாப்பிள்ளை என்று கல்யாணத்துக்கு வராதவர், உன்னைப் பீடத்தண்டை கையைப் பிடித்து அழைத்துப் போக என்னை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர். ஏர்போர்ட்டில் நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது, "அவுரு மனசார வருத்தப்பட்டு வாய் விட்டு சொல்லட்டும் மாமா, அப்பறம் பேசறேன்" என்றாய். நியாயமான பேச்சுதான். அந்த மனசார என்கிற விஷயத்தைப் பற்றித்தான் இவ்வளவு தூரம் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உங்கப்பா பழைய மச்சான் இல்லை. ராத்திரி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, செத்தா எங்க போவோம் மச்சான் என்பார். கல்லறைக்குத்தான், குடும்பத்துக்கு இடம் இருக்கு என்பேன், அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. உனக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம் சொல்கிறேன். உன் கல்யாணத்துக்கு அப்புறம் வந்த ஒவ்வொரு தபசுகாலத்திலும் அவர் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நிற்பார். நகர்ந்து நகர்ந்து முன்னால் போவார், அவருக்கு முன்னே ஒரே ஒரு ஆள் இருக்கும்போது, செருப்பைத் தேடுகிறவர் மாதிரி குனிந்து வெளியே வந்துவிடுவார். பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் எழுந்து போவதில்லை, எல்லோரும் எழுந்து போக இவர் மட்டும் பெஞ்சில் தூண் மாதிரி உட்கார்ந்திருப்பார். பங்கு முழுக்கத் தெரிந்த கதை. ரத்தினம்மாள், "ஞானப்பிரகாசம் அண்ணனுக்குப் பின்னாடி நின்னா நம்ம முறை சீக்கிரம் வந்துடும்" என்று இடம் பிடிக்கிறாள்.

ஏன் மச்சான் இப்படிப் பண்றீங்க என்று இந்த வருஷம் கேட்டேவிட்டேன். "உள்ள போனா வருத்தப்படறேன்னு சொல்லணும். எனக்கு வருத்தம் வரல. வராதத வந்துச்சின்னு சாமிகிட்ட சொன்னா அது தனிப் பாவம் இல்லையா" என்றார். கம்பெனி பாய்லரோடு காலம் தள்ளின மனுஷன், அவருக்கு வால்வு ஒன்று திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், நடுவில் கிடையாது. நான் செமினரியில் படித்தவன் என்பது உனக்குத் தெரியும், உன் அத்தை மூணு மாசம் என்பாள், அதுவும் சமையக்கட்டில் என்பாள், சமையக்கட்டுக்கும் ஞானோபதேசம் கேட்கும். பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாபம் இரண்டு வகை, ஜூலி. இவ்வளவு நல்ல கடவுளை நோகடித்துவிட்டோமே என்று அன்பினால் வருவது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்தோ, செய்த பாவத்தின் அசிங்கத்தைப் பார்த்து அருவருத்தோ வருவது அற்ப மனஸ்தாபம். அற்பம் என்று பேர் வைத்திருந்தாலும் அது செல்லாக்காசு இல்லை, பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்தால் செல்லும். இதைத் தீர்மானிக்க மேல்நாட்டில் ஒரு மகா சங்கம் கூடி வருஷக்கணக்கில் சோறு தண்ணியில்லாமல் பேசினார்களாம், சோறு தண்ணி விஷயம் நான் சேர்த்தது. இரண்டு வகையிலும் அழுதுதான் ஆகவேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. கண் அழாவிட்டாலும் மனசு அதை வெறுத்து, இனிமேல் செய்யமாட்டேன் என்று திரும்பினால் அது மனஸ்தாபம். பொலபொலவென்று அழுதுவிட்டு அதையே மறுபடி செய்கிறவனுக்குக் கண்ணில் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான்.

நான் எவ்வளவு சொல்லியும் மச்சான் மண்டையை ஆட்டினாரே ஒழிய ஏறவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வண்டி நிறுத்துகிற மரத்தடியில், புதுசாக வந்திருக்கிற சின்னச் சாமியாரிடம் கையைப் பிடித்து இழுத்துப் போய் நிறுத்தினேன். இவர் எடுத்த எடுப்பில், "சாவுக்குப் பயந்துகினு வர்ற மனஸ்தாபம் செல்லுமா சாமி" என்றார். "செல்லும்யா, பயத்துல வந்தாலும் வந்துட்டீங்கல்ல" என்றார் அவர். வருத்தமே வரலன்னா என்றார் இவர். எதுக்கு வருத்தம் வரல என்று அவர் கேட்க, "எம்மவ செஞ்சது சரின்னு எம்மனசு ஒத்துக்க மாட்டேங்குது சாமி, எத்தினி தபா முயற்சி பண்ணியும் வரல" என்றார். அந்தச் சாமியார் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "அது அவுங்க செஞ்சது. நீங்க செஞ்சது என்னங்கய்யா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. இந்தக் கேள்வியை நான்தான் முந்தின நாளே அவருக்கு எடுத்துக்கொடுத்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு.

யோசித்துப் பார் பாப்பா. இத்தனை வருஷமும் அந்த மனுஷன் தன் பாவத்தை விட்டுவிட்டு உன் கல்யாணத்துக்கு மனஸ்தாபப்பட முயற்சி பண்ணியிருக்கிறார். அடுத்தவர் செய்ததற்கு நமக்கு எப்படி மனஸ்தாபம் வரும், கோபம்தான் வரும். மனஸ்தாபம் வரவில்லை, கோபம்தான் வருகிறது என்று பார்த்து ஒவ்வொரு முறையும் வரிசையை விட்டு வெளியே வந்திருக்கிறார். அன்றைக்கு அந்தச் சாமியாரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வாசலில் கேட்டுக் கொண்டியைத் தொட்டவர் உள்ளே போகாமல் அப்படியே நின்று, "இதச் சாத்தினன் மச்சான்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. உன் மாமனார் தங்கராசும் மாமியார் சௌந்தரமும் பழம் பூவோடு தட்டு எடுத்துக்கொண்டு முறையாகப் பெண் கேட்க வந்தபோது, கொளுத்துகிற வெயிலில் அவர்களைத் தெருவில் நிற்க வைத்துக் கேட்டைச் சாத்திவிட்டு மாடிக்குப் போனாரே, அந்த நாள். நீ அப்போது பாண்டிச்சேரியில் டூட்டியில் இருந்தாய், காதால் கேட்டதுதான் உனக்கு.

மறுநாளே உன் மாமனார் வீட்டுக்கென்று சிதம்பரம் கிளம்பிவிட்டார். நான் துணைக்குப் போனேன், தலைமை தாங்கிப் போனேன் என்றே எழுதலாம். பஸ் புதுச்சத்திரம் வந்ததும் திடீரென்று எழுந்து இறங்கிவிட்டார். போச்சுடா, வரிசையை விட்டு வெளியே வந்தாச்சு என்று நினைத்து நான் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தேன். நின்ற பஸ்ஸிலிருந்து என்று உன் அத்தை சொல்கிறாள், முழங்காலுக்கு இரண்டும் ஒன்றுதான். பார்த்தால் மனுஷன் பழக்கடையில் நிற்கிறார். "கைய வீசிக்கினு எப்படிப் போறது" என்று வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை, இரண்டு முழம் மல்லி எல்லாம் வாங்கி ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

உன் மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில். தங்கராசு பைப் கடையிலிருந்து அப்போதுதான் சாப்பிட வந்திருந்தார், எங்களைப் பார்த்ததும் கேட்டை அகலத் திறந்து, உள்ள வாங்க சம்பந்தி என்றார். உங்கப்பா அசையவில்லை. "இல்லைங்க, கொஞ்ச நேரம் இங்கயே நிக்கறன்" என்றார். வெயிலுங்க என்றார் தங்கராசு. "தெரியுது" என்றார் இவர். மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தெருவில் அப்படியே நின்றார், சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. நெஞ்சு வலி கண்ட உடம்பு வேறு. உன் மாமியார் வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தாள், தானும் படியிறங்கி வந்து வெயிலில் நின்றாள். தங்கராசும் வந்து நின்றார். நான் மட்டும் பக்கத்து வீட்டு வேப்ப மரத்தடிக்கு ஒதுங்கினேன், யாராவது ஒருத்தர் சாட்சிக்கு உயிரோடு இருக்கவேண்டாமா. சிதம்பரத்தின் நாலு வீதி ஜனமும் கூடி வேடிக்கை பார்த்தது. சரி, எதிர் வீட்டு அம்மாவும் ஒரு கேஸ் சிலிண்டர்காரரும்.

சௌந்தரம்தான் முதலில் வாயைத் திறந்தாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "அன்னிக்கு எனக்கு வெயிலு பெருசா தெரியலைங்க. கையில இருந்த தட்ட உங்க வாசல்ல வெச்சுட்டு வர்றதா, திரும்ப எடுத்துட்டுப் போறதான்னு தெரியாம நின்னேன் பாருங்க, அதுதான். பஸ்ல அத்தினி பேரும் தட்டத்தான் பாத்தாங்க" என்றாள். உங்கப்பா பையைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்மா. மாடி ஜன்னல்லேருந்து பாத்துக்கினுதான் இருந்தன். நீங்க தட்ட கீழ வைக்கக் குனிஞ்சிட்டு அப்பறம் நிமுந்தீங்க. அப்பக்கூட நான் எறங்கி வரல" என்றார்.

ஜூலி, நான் எதையும் கொஞ்சம் பூ வைத்துப் பொட்டு வைத்துத்தான் சொல்வேன், உனக்கே தெரியும். இந்த இடத்தில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. உன் அத்தை நம்பாமல் சௌந்தரத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, இங்க திருத்தம் இல்ல என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜன்னல் விஷயம் அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. அந்தத் தட்டு விஷயத்தை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று சௌந்தரத்தைக் கேட்டதற்கு, "அது அப்பா மக சமாச்சாரம், நடுவுல நான் எதுக்கு" என்றாளாம். நல்ல இடத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாய்.

அப்புறம் மன்னிப்பு என்கிற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. சௌந்தரம் பையை வாங்கிக்கொண்டு, "மல்லி வாடிப்போச்சு, உள்ள வாங்க" என்றாள். மோர் கொடுத்தாள், சிரித்துப் பேசவில்லை, இரண்டாம் தம்ளர் வேண்டுமா என்று கேட்டாள். தங்கராசு பி.வி.சி. பைப் விலையைப் பற்றியே பேசினார், உங்கப்பாவும் பாய்லர் பைப்பைப் பற்றிப் பேசினார், எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமை வரிசையில் அவர் நின்றார், முன்னால் ஒரே ஆள் வந்தது, ரத்தினம்மாள் வழக்கம்போல ஒரு எட்டு முன்னால் வைத்தாள், இவர் உள்ளே போய்விட்டார். அங்கே என்ன சொன்னார், சாமியார் என்ன அபராத ஜெபம் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது, அதை நான் கற்பனை பண்ணியும் எழுதமாட்டேன். மறுநாள் நன்மை வாங்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உன் அத்தை முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். அவர் கண் காய்ந்துதான் இருந்தது. வீட்டுக்கு வரும்போது, இன்னிக்கு என்ன மீன் என்று கேட்டார்.

உனக்கு வரும் பதில் வாய் விட்டு அழுகிற பதிலாக இருக்கணும் என்று காத்திருந்தால், அது அவரிடம் கிடையாது, வைத்துக்கொண்டு தராமல் இல்லை. உன் கல்யாணம் சரிதான் என்றும் சொல்லமாட்டார், இன்னும் அவருக்கு அது ஏறவில்லை. ஆனால் கேட் திறந்துவிட்டது. மன்னித்துவிடு என்று நான் எழுதவில்லை, வளர்த்தவன் என்பதற்காக அதை உன்னிடம் கேட்க எனக்கு உரிமையில்லை, அது உன் கையில் இருப்பது. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எந்நேரமும், அங்க இப்ப மணி என்ன மச்சான் என்று கேட்கிறார். நான் விரல் விட்டுக் கழித்துச் சொல்வேன், சரியா என்று உறுதி பண்ணிக்கொள்ள உன் அத்தையிடமும் போய்க் கேட்பார்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளைக்குக் கருவாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது, முதல் நாளே அதிகம் வறுத்து அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களைப் பயமுறுத்தாதே. திவ்விய மாதா உன்னையும் உன் வீட்டையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் உங்கம்மாவின் ஆசீர்வாதம் கூட வரட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வை. குருத்து ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் சாப்பிட்டு எழுந்திருக்கிற நேரம், உனக்குக் காலைக் காபி நேரம், உங்கப்பா உனக்குப் போன் பண்ணுவார். எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். எடுத்தால், ஹலோ என்றதற்கப்புறம் அவர் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே வராது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னைத் தோளில் தூக்கிப் பெரியகோவில் தேர் காட்டிய
மாமா லூயிஸ்